அப்பாவின் கணினி உங்கள் பெயரில் திறக்கிறது

பெற்றோரைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு சென்னை, பெங்களூரு, துபாய், டல்லாஸ் என்று பிழைப்புக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் வீட்டில் வாங்கி வைத்துவிட்டுப் போன கணினியைப் பற்றித்தான் இந்த மடல். நான் உங்கள் தெருக்காரன். பிரிண்டர் ஓடவில்லை, எழுத்து சிறிதாகிவிட்டது, நேற்று இருந்தது இன்று காணோம் என்று கூப்பிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக் கொடுக்கிறவன். இதற்குக் காசு வாங்குவதில்லை, காபி வாங்குவேன்.

நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் கணினிகள் வேறு வேறு. பிரச்சினை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். பொத்தானை அமுக்கினால் திரையில் வருவது உங்கள் பெயர், உங்கள் படம். எழுபது வயது மனிதர் தினமும் காலையில் மகனாகவோ மகளாகவோ வேடம் கட்டிக்கொண்டுதான் தன் கணினிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. உள்ளே போனால் டெஸ்க்டாப்பில் உங்கள் கல்லூரி ப்ராஜெக்ட், எப்போதோ இறக்கிய விளையாட்டு, அலுவலக மீட்டிங் செயலி. அவற்றுக்கு இடையே எங்கோ ஒரு மூலையில் அவருக்கு வேண்டிய கரண்ட் பில். "எதையாவது மாத்தலாமா சார்?" என்று கேட்டால், "வேண்டாம் தம்பி, பையன் வெச்சது. அவன் வந்து பார்த்துக்கட்டும்" என்கிறார். கணினி அவர் மேஜையில் இருக்கிறது. உரிமை மட்டும் இன்னும் உங்களிடமே இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். புதிய லேப்டாப்பை முதல் முறை இயக்கும்போது விண்டோஸ் 11 ஹோம் இணைய இணைப்பு கேட்கிறது, ஒரு மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கிறது. அப்பாவுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. உங்களுக்கு மறுநாள் விமானம். உங்கள் மின்னஞ்சலையே கொடுத்து உள்ளே போய்விட்டீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியதால் பழைய கணினியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கிய வீடுகள் பல. அவற்றிலும் இதே கதைதான்.

பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். உங்கள் கணக்கோடு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். விண்டோஸ் பல கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அப்பா டெஸ்க்டாப்பில் வைத்த வீட்டுவரி ரசீது உங்கள் ஒன்டிரைவில் ஏறுகிறது. இலவச இடம் 5 ஜிபிதான். உங்கள் தங்கையின் கல்யாண வீடியோ ஒன்றை அம்மா டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டால் அது நிறைந்துவிடும். அப்புறம் தினமும் ஒரு சிவப்பு எச்சரிக்கை வரும். பயந்துபோய் அவர் எதையாவது அழிப்பார். அவர் இங்கே அழித்தது உங்கள் கணினியிலும் அழியும். பிரவுசரிலும் உங்கள் கணக்கே இருந்தால் நீங்கள் அங்கே சேமித்த பாஸ்வேர்டுகள் இங்கேயும் வரும். வீட்டுக்கு வந்த எவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் வங்கிப் பக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரிதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பலருக்கு அது தெரிவதே இல்லை. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்ததுமே உள்ளே இருக்கும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிப் பூட்டிக்கொண்டுவிடுகிறது. திருட்டுப் போனாலும் யாரும் படிக்க முடியாது, நல்ல ஏற்பாடுதான். அதற்கான மீட்புச் சாவி 48 இலக்க எண். அது போய்ச் சேருவது நுழைந்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில், அதாவது உங்களிடம். என்றாவது ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆனபிறகோ மதர்போர்டு மாற்றியபிறகோ நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும். அப்போது உங்களுக்கு நள்ளிரவாக இருக்கும். அப்பாவுக்கோ ஓய்வூதியப் படிவம் தர அன்றே கடைசி நாளாக இருக்கும். நானும் காபியைக் குடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்தும்போது ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்பது நேற்றைய யோசனை அல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னான்டோ கொர்பாட்டோவின் குழு 1961-இல் செய்து காட்டிய நேரப்பகிர்வு அமைப்பில், ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் வந்ததற்குக் காரணம் அதுவே. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலைத் தந்திரமாக அச்சடித்து எடுத்துக்கொண்டார். பாஸ்வேர்டும் பாஸ்வேர்ட் திருட்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். வீட்டுக் கணினி வந்தபோது இந்தப் பாடத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். விண்டோஸ் 95-இல் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வரும். 'கேன்சல்' அழுத்தினால் உள்ளே போய்விடலாம். 2001-இல் வந்த எக்ஸ்பியில் ஆளுக்கொரு படத்தோடு அழகான வரவேற்புத் திரை இருந்தது. ஆனால் நிறுவும்போது உண்டாக்கிய கணக்குகள் எல்லாமே முழு அதிகாரக் கணக்குகள், பாஸ்வேர்டும் கிடையாது. நம்மில் பலர் பிரவுசிங் சென்டரிலும் வீட்டிலும் கற்றுக்கொண்டது அந்த எக்ஸ்பியில்தான். அந்தப் பழக்கம்தான் இன்னும் கையில் இருக்கிறது. பிறகு விஸ்டா வந்து எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டுத் திரையை இருட்டாக்கியபோது எல்லோரும் எரிச்சலோடு அதை அணைத்து வைத்தோம். உங்கள் அப்பா கணினியில் அது இன்னும் அணைந்தே கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? வழக்கமாகச் செய்வது, அப்பா பெயரில் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுப்பது. மறுநாளே அவர் என்னைக் கூப்பிடுவார்: "எல்லாம் போயிடுச்சு தம்பி." எதுவும் போகவில்லை, பழைய கணக்கின் ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது. ஆனால் புதிய கணக்கின் டெஸ்க்டாப் வெறுமையாக இருக்கிறது. அவர் பழகிய இடத்தில் பழகிய எதுவும் இல்லை. வயதான மனிதர் ஐகான் பெயரைப் படித்துக் கிளிக் செய்வதில்லை. இடது ஓரம், மேலிருந்து மூன்றாவது என்று கை போகிறது. ஆகவே நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். அவர் பழகிய கணக்கு அவருக்கே இருக்கட்டும். புதிதாகத் தொடங்க வேண்டியது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. 'செட்டிங்ஸ்' போய், 'அக்கவுன்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்'. புதிய ஆளைச் சேர்க்கும்போது மின்னஞ்சல் கேட்கும். இந்த ஆளின் விவரம் என்னிடம் இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்தால், மைக்ரோசாப்ட் கணக்கு இல்லாமலே சேர்க்கும் வழி அடுத்த திரையில் கிடைக்கும். பெயர் 'வீட்டுச் சாவி' என்று வையுங்கள், 'நிர்வாகி' என்று வையுங்கள், எதுவானாலும் சரி. பாஸ்வேர்டும் மூன்று பாதுகாப்புக் கேள்விகளும் கொடுங்கள். பிறகு அதன் வகையை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றுங்கள். கணினியை விட்டு வெளியே வந்து அந்தப் புதிய கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பாஸ்வேர்ட் சரியாக வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அப்பாவின் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்டு யூசர்' ஆக்க வேண்டும்.

இதற்கு முன்பே அந்தக் கணக்கிலிருந்து உங்கள் மின்னஞ்சலைப் பிரித்துவிடுங்கள். 'யுவர் இன்ஃபோ' பகுதியில் லோக்கல் கணக்காக மாற்றும் வசதி இருக்கிறது. அதற்கும் முன்பு ஒன்டிரைவில் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தினால் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் காணாமல் போன மாதிரி தோன்றலாம். அவை ஒன்டிரைவ் ஃபோல்டரின் உள்ளே இருக்கும். அவற்றைத் திரும்ப டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பிரியுங்கள். பெயரையும் கன்ட்ரோல் பேனலில் அப்பா பெயராக மாற்றிவிடலாம், தமிழிலேயே எழுதலாம். ஒன்று மட்டும் மாறாது. சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் உங்கள் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் பெயர் அப்படியேதான் இருக்கும். அதையும் மாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பல புரோகிராம்கள் அந்தப் பாதையை நினைவில் வைத்திருக்கின்றன. மாற்றினால் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். அப்பா ஒருநாளும் அந்த ஃபோல்டர் பக்கம் போகப்போவதில்லை. விட்டுவிடுங்கள்.

கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகத் தொடங்கினால் பழையது திரும்பிவிடும் என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். திரும்பாது. விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான ஓர் அடையாள எண் கொடுத்து வைத்திருக்கிறது. புதியவர் அதே பெயரில் வந்தாலும் எண் வேறு, ஆகவே ஆள் வேறு. அழிக்கும்போது 'கணக்கையும் தரவுகளையும் அழிக்கவா' என்று கேட்பது பேச்சுக்குக் கேட்பதல்ல. படங்கள் உட்பட எல்லாம் போகும்.

ஸ்டாண்டர்டு கணக்கில் அப்பாவுக்கு என்ன குறையும்? தினசரி வேலையில் ஒன்றும் குறையாது. விண்டோஸ் அப்டேட் தானாக வரும், டிஃபெண்டர் தானாக ஓடும், மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து செயலி இறக்கலாம். இணையத்திலிருந்து எடுத்த ஏதோ ஒன்று கணினி முழுவதற்குமாகத் தன்னை நிறுவிக்கொள்ளப் பார்த்தால் மட்டும் திரை நின்று அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்த நிறுத்தம்தான் நமக்கு வேண்டியது. 'யெஸ்' அழுத்துவது கை வேலை. பீரோவைத் திறந்து நோட்டைத் தேடி பாஸ்வேர்டைப் பார்த்து அடிப்பதற்குள் 'இது எதுக்கு கேக்குது?' என்ற கேள்வி வந்துவிடும். பாதி விபத்து அந்த நேரத்தில் தவிர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இது காவல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டுச் செயலிகளை நிறுவாமலே ஓட்ட முடியும். ஸ்டாண்டர்டு கணக்கு அதைத் தடுக்காது. இத்தகைய செயலியைக் காட்டிப் பணம் பறிப்பது பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. உங்களைக் கைது செய்யப்போகிறோம் என்று வீடியோ அழைப்பில் மிரட்டுகிறவனுக்கு எந்தக் கணக்கின் அதிகாரமும் வேண்டாம்; உங்கள் அம்மாவின் பயம் ஒன்றே போதும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும், நுழைந்த கணக்கின் ஃபைல்களைப் பூட்டிவிடும். இன்னொருவர் கணக்கில் இருப்பவை மட்டும் பெரும்பாலும் தப்பும். ஆகவே ஸ்டாண்டர்டு கணக்கைப் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று போனை வைத்துவிடாதீர்கள்.

இப்போது அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்க வேண்டும்? இதில்தான் உங்களில் பலரோடு எனக்குச் சண்டை. "எங்கிட்டயே இருக்கட்டும் அங்கிள், அப்பா ஏதாவது பண்ணிடுவார்" என்கிறீர்கள். ஐம்பது வயதில் வீடு கட்டி, கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டி, உங்களைப் படிக்க வைத்தவர் ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு என்ன பண்ணிவிடுவார்? அந்த நியாயத்தை விட்டாலும் நடைமுறையே உங்களுக்கு எதிராக இருக்கிறது. விண்டோஸிலேயே இருக்கும் 'குயிக் அசிஸ்ட்' வழியாக நீங்கள் துபாயிலிருந்து அப்பாவின் திரையைப் பார்த்து உதவுகிறீர்கள் என்று வையுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும் பெட்டி வந்ததும் உங்கள் பக்கம் திரை இருண்டுவிடும். அந்தப் பெட்டி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அடிக்க வேண்டியவர் அவர்தான். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்புக்கும் ரேஷன் கார்டும் இருக்கிற இடத்தில் வையுங்கள். எழுதி வைப்பது பாவம் என்று அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது அலுவலகத்துக்கு. உங்கள் வீட்டுக் கணினிக்கு ஆபத்து வருவது இணையம் வழியாக. பீரோவைத் திறக்கிற திருடன் லேப்டாப்பையே கொண்டுபோய்விடுவான்.

தினசரி நுழைவதற்கு 'பின்' நம்பர் போதும். அது அந்த ஒரு கணினியில் மட்டுமே செல்லும். ஏடிஎம் பின்னையே இங்கேயும் வைத்துக்கொள்வது பெரியவர்களின் வழக்கம். அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

அடுத்து டெஸ்க்டாப். கணக்குக்கு நீங்கள் ஒருமணி நேரம் செலவழித்தால் இதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும். உங்கள் பெற்றோர் வாழ்கிற இடம் அதுதான்.

அங்கே இருக்கிற படங்களில் சில உண்மையான ஃபைல்கள், சில ஷார்ட்கட்கள். ஷார்ட்கட் என்பது பொருள் அல்ல, பொருள் இருக்கும் விலாசம் எழுதிய சீட்டு. 1995-இல் விண்டோஸ் 95 இதைக் கொண்டுவந்தது; ஆப்பிள் கணினிகளில் அதற்கு நான்கு ஆண்டு முன்பே வேறு பெயரில் இருந்தது. படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு சிறு வளைந்த அம்பு தெரிந்தால் அது சீட்டு. அளவு ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். அந்த அம்புக்குறி அசிங்கமாக இருக்கிறது என்று ரெஜிஸ்ட்ரியில் புகுந்து அதை நீக்கிக் கொடுக்கும் பிள்ளைகளை என்ன சொல்வது? வித்தியாசம் தெரிவதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிடுகிறார்கள்.

வித்தியாசம் தெரியாததால் இருபக்கமும் அடி விழுகிறது. அப்பா நில வரைபடத்தின் ஷார்ட்கட்டைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். கடைப் பையன் திறந்தால் ஃபைல் இல்லை என்கிறது. சீட்டு பயணம் போனது, பொருள் வீட்டிலேயே இருந்தது. மறுபக்கம், டெஸ்க்டாப்பில் கூட்டம் அதிகம் என்று சுத்தம் செய்யும்போது, 'அழித்தாலும் உள்ளே இருக்கும்' என்று நம்பி உண்மையான ஃபைலையே அழித்துவிடுகிறார்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிற சுத்தக்காரர் என்றால் அதோடு முடிந்தது. அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: அழிப்பதற்கு முன் அம்பைப் பார்.

நம் ஊரில் ஷார்ட்கட் என்றாலே பலருக்கு வைரஸ்தான் நினைவுக்கு வரும். அதற்கும் நியாயம் உண்டு. ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அந்த வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிச் சீட்டுகளை வைக்கிறது. தொட்டால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். இரான் நாட்டின் யுரேனியம் செறிவூட்டும் ஆலையைத் தாக்கிய, 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் இன்னும் ஒருபடி மேலே போனது. ஷார்ட்கட்டைத் தொடவே வேண்டாம். அது இருக்கும் ஃபோல்டரைத் திறந்து ஐகான் திரையில் தெரிந்தாலே போதும். அந்த ஓட்டையை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு ஆகஸ்டில் அடைத்தது. அப்பாவின் பென்டிரைவில் வருவது அத்தனை பெரிய ஆள் இல்லை. எதையும் கிளிக் செய்யாமல் டிஃபெண்டரில் ஸ்கேன் போட்டுவிட்டு, மறைந்த ஃபைல்களையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி வியூ அமைப்பை மாற்றினால் பழைய ஃபோல்டர்கள் அங்கேயேதான் இருக்கும். பென்டிரைவை ஃபார்மட் செய்கிறேன் என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

சரி, டெஸ்க்டாப்பில் என்ன வைப்பது? இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, போன மாதம் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மின்கட்டணம் வரும், அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ரயில் டிக்கெட் வரும். ஓய்வூதியக்காரர் என்றால் வாழ்நாள் சான்று. வங்கி. ஒரு செய்தித்தாள். பேரன் பேத்தி படங்கள் இருக்கும் ஃபோல்டர். அம்மாவுக்கு யூடியூபில் இரண்டு சேனல். அவ்வளவுதான் பெரும்பாலான வீடுகளில். இந்த இணையப் பக்கங்களுக்கு நேரடி ஷார்ட்கட் செய்து வையுங்கள். குரோமில் பக்கத்தைத் திறந்துவிட்டு மூன்று புள்ளி மெனுவில் ஷார்ட்கட் உண்டாக்கும் வசதி இருக்கிறது. நோக்கம் நேரத்தை மிச்சப்படுத்துவது மட்டும் அல்ல. அப்பா வங்கியின் பெயரைத் தேடலில் அடித்தால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், வங்கியைப் போல நடிக்கிற பக்கமாகவும் இருக்கலாம், போலி வாடிக்கையாளர் சேவை எண்ணாகவும் இருக்கலாம். நீங்கள் சரிபார்த்து வைத்த ஷார்ட்கட் ஒவ்வொரு முறையும் அதே விலாசத்துக்குத்தான் கூட்டிப் போகும். நான் பார்த்தவரை, வீட்டுக் கணினியில் செலவே இல்லாத பாதுகாப்பு இதுதான். 'வங்கிக்கு எப்போதும் இந்தப் படத்தை மட்டும் தொடுங்கள், தேடாதீர்கள்' என்று சொன்னால் அவருக்கும் புரியும்.

பெயரை மாற்ற எஃப் 2 விசை. தமிழில் 'கரண்ட் பில்' என்றே எழுதுங்கள். விண்டோஸ் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் பெரிதாகும். எழுத்தின் அளவு, திரை மொழி, தமிழ் விசைப்பலகை எல்லாமே கணக்குக்குக் கணக்கு தனித்தனி. அப்பா கணக்கில் மெனுக்கள் தமிழில் இருக்கலாம், தமிழ் 99 விசைப்பலகை இருக்கலாம். நீங்கள் ஊருக்கு வந்தால் உங்கள் கணக்கில் ஆங்கிலத்தில் வேலை பார்க்கலாம். ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம். பாதுகாப்பு என்று பயமுறுத்தினால் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தமிழில் காட்டினால், "இது என் கம்ப்யூட்டர்" என்கிறார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. கோயில் விழாக் குழு நோட்டீஸை பாமினி எழுத்துருவில் அடிக்கும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது நிறுவியவரின் கணக்கில் மட்டும் வரும். அம்மா கணக்கில் அதே ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அள்ளிக் கொட்டியது போலத் தெரியும். 'எல்லாப் பயனருக்கும்' என்று தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்கும்.

டெஸ்க்டாப்பைப் பற்றி இன்னொரு விஷயம். நீங்கள் ஒன்றாகப் பார்ப்பது உண்மையில் இரண்டு ஃபோல்டர்களின் கலவை: ஒன்று அவருடையது, இன்னொன்று 'பப்ளிக்' என்ற பொது ஃபோல்டருக்குள் இருக்கும் பொது டெஸ்க்டாப். புரோகிராம்கள் பல தங்கள் ஷார்ட்கட்டைப் பொதுவில்தான் கொண்டுவந்து வைக்கின்றன. அதனால்தான் பேரன் விடுமுறைக்கு வந்து போட்ட விளையாட்டின் படம் தாத்தா திரையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தாத்தா அதை அழிக்கப் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. இதையே நமக்குச் சாதகமாக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் வேண்டிய மின்கட்டணம், குடும்பப் படங்கள் போன்றவற்றின் ஷார்ட்கட்டைப் பொது டெஸ்க்டாப்பில் ஒரே ஒருமுறை வைத்தால் எல்லாக் கணக்கிலும் வரும். யாரும் தவறி அழிக்கவும் முடியாது. படங்களையும் 'பப்ளிக் பிக்சர்ஸ்' ஃபோல்டரில் வைத்துவிட்டால் அப்பாவும் அம்மாவும் அதே ஆல்பத்தைப் பார்க்கலாம்.

பேரப்பிள்ளைகளுக்கென்று முன்பு 'கெஸ்ட்' கணக்கு இருந்தது. விண்டோஸ் 10-லேயே அதை எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் இல்லாத ஒரு ஸ்டாண்டர்டு கணக்கை 'லீவு' என்று பெயர் வைத்துத் தொடங்கிக் கொடுங்கள், போதும். ஒரே ஒரு விஷயம்: ஆள் மாறும்போது 'ஸ்விட்ச் யூசர்' செய்யாமல் 'சைன் அவுட்' செய்யச் சொல்லுங்கள். ஸ்விட்ச் செய்தால் பேரனின் விளையாட்டு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப் அதோடு நொண்டும்.

கடைசியாக அம்மா. கணினி என்றால் அப்பாவுடையது என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். போனில் தன் பின் நம்பரை வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப் குழு நடத்தி, சீட்டுக் கணக்கு எழுதுகிற அம்மாவுக்குக் கணினியில் மட்டும் பெயர் இல்லை. அவருக்கு ஒரு கணக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "எனக்கெதுக்குடா" என்பார். பரவாயில்லை, தொடங்கி வையுங்கள். சில வீடுகளில் அது திறக்கப்படாமலே கிடக்கும். சில வீடுகளில் ஆறு மாதத்தில் அம்மாதான் அதிகம் உட்கார்ந்திருப்பார். இருவரும் ஒரே கணக்கில்தான் இருப்போம் என்றால் அதையும் ஒத்துக்கொள்ளுங்கள்; நாற்பது வருஷம் ஒரே பாஸ்புக்கில் காலம் தள்ளியவர்களைப் பிரித்து வைக்க நாம் யார்? ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: தனிக் கணக்கு என்றால் யாருமே பார்க்க முடியாது என்று அர்த்தம் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் இருப்பவர் எந்த ஃபோல்டரையும் திறக்கலாம்.

இவ்வளவையும் செய்ய நீங்கள் ஊருக்கு வர வேண்டும்; பொங்கலோ தீபாவளியோ வரட்டும், ஒரு மதியம் ஒதுக்கினால் முடிந்துவிடும். அந்த 48 இலக்க எண் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்குப் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதியில் அந்த லேப்டாப்பின் பெயருக்குக் கீழே இருக்கிறது. இன்றிரவு அப்பாவைப் போனில் கூப்பிடுங்கள். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு எண். ஒவ்வொரு தொகுதியையும் அவர் திரும்பப் படித்துக் காட்டிய பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்